அஜூஜியை வாங்கிய வியாழக்கிழமை

பதிமூன்று மாதத்துப் பையன் ஒருவன், பல் நான்கு, குறை ஏராளம்: முந்நூறு ஃபிராங்க். தாஷர் கூகா சந்தையில், எண்ணெய்க்காரிகளுக்கும் உப்புக்காரர்களுக்கும் நடுவில், பட்டப்பகலில் நான் கொடுத்த விலை அது. அவர்கள் கேட்டது ஐயாயிரம். நான் அதிகம் கொடுத்துவிட்டேன் என்று உப்புக்கார தோடோ இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவன் பரிசப்பணம் கொடுத்துப் பெண்டாட்டியைக் கட்டும்போதும் அதையேதான் சொன்னான்.

என் பெயர் டேலு. அப்பா கோலாக்கொட்டை வியாபாரி. நான் தவழ்ந்ததே கோலாக் கூடைகளுக்கு நடுவில்தான். பேரம் படியாமல் எழுந்து போகிறவன் நிஜமாகப் போகிறானா, கூப்பிடுவார்களென்று போகிறானா என்பதை அவன் குதிகாலைப் பார்த்தே எட்டு வயதில் சொல்லிவிடுவேன். இப்போது கடலை எண்ணெய் விற்கிறேன். எண்ணெய் பிழிந்த சக்கையை வளையம் வளையமாக உருட்டிப் பொரித்துக் குலிகுலியும் விற்கிறேன். இரண்டும் லாபம். சம்பளமில்லாத வேலை ஒன்றும் பார்க்கிறேன். அது பட்டை பிடிக்கிற வேலை.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு தொண்டு நிறுவனம் வெள்ளை வண்டியில் வந்தது. எல்லா வீட்டுக்குள்ளும் நுழையக்கூடிய, வாயை மூடாத பொம்பளை யாராவது உண்டா என்று ஊர்த்தலைவரிடம் கேட்டார்களாம். அவர் யோசிக்கவே இல்லை, என் வீட்டுப் பக்கம் கையை நீட்டிவிட்டார். மூன்று நாள் பாடம் சொல்லிக்கொடுத்து, ஒரு பையும் ஒரு பட்டையும் கொடுத்தார்கள். குழந்தையின் மேற்கையில் பட்டையைச் சுற்றிப் பார்க்க வேண்டும். பச்சையில் நின்றால் சரி, மஞ்சள் என்றால் கவலை, சிவப்பு என்றால் உடனே சுகாதார நிலையம். நூற்றுப் பதினைந்து மில்லிமீட்டருக்குக் கீழே எல்லாம் சிவப்பு, நூற்றிருபத்தைந்தைத் தொட்டால் பச்சை. எத்தனையோ தராசுகளை ஏமாற்றியிருக்கிறேன், என்னையும் ஏமாற்றியிருக்கிறார்கள். இந்தப் பட்டையிடம் மட்டும் யாருடைய பேரமும் நடக்காது. அதனால் அதன்மேல் எனக்குத் தனி மரியாதை.

போன மழைக்காலம், கம்பு கதிர் பிடிக்கும் முன்னால், எல்லார் வீட்டுக் குதிரும் தரை தெரிகிற மாதங்களில், காம்போ அக்காவின் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் அந்த வீட்டுப் பங்காளிகளின் ஏழு பிள்ளைகள். எட்டாவது பிள்ளை பாயில் கிடந்தான். பெயர் லாவலி. காம்போவின் மகன் வயிற்றுப் பேரன். மகன் வேலை தேடி வடக்கே போனவன், அந்த மழைக்கும் திரும்பவில்லை. மருமகள் ஹின்டேக்குப் பதினெட்டு வயதிருக்கும். மூலையில் எங்களுக்கு முதுகைக் காட்டிக் கம்பு குத்திக்கொண்டிருந்தாள்.

பட்டை நூற்றெட்டில் நின்றது.

"பல்லு முளைக்குதுடி, அதான் கொஞ்சம் வாடியிருக்கான்" என்றாள் காம்போ.

"அக்கா, பல்லு வாயிலதானே முளைக்குது? கை ஏன் சுருங்குது?"

பையன் முனகினான். மூலையில் உலக்கை ஒரு அடி தவறியது. பிறகு பழையபடி விழுந்தது. ஹின்டே திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பிப் பார்க்கமாட்டாள். அவன் அவளுடைய தலைப்பிள்ளை. தலைப்பிள்ளையின் பெயரைத் தாய் வாயால் சொல்வதில்லை. நாலு பேர் முன்னால் தூக்குவதில்லை, கொஞ்சுவதில்லை. பாலூட்டும்போதுகூட முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொள்வாள். வெட்கம், மரியாதை, இரண்டும் சேர்ந்தது அது. நானும் என் மூத்தவனை அவனுக்கு மீசை முளைக்கும்வரை "ஏய்" என்றுதான் கூப்பிட்டேன். மாமியார் தூக்கி வளர்ப்பாள், பிள்ளைக்கு ஒன்றும் குறையாது. வழக்கமாக அப்படித்தான் நடக்கும். இங்கே மாமியாருக்கு முழங்கால் வீக்கம், அதைவிடப் பெரிய வீக்கம் கௌரவத்தில். மெலிந்த பிள்ளைகளின் வரிசையில் போய் நின்றால் காம்போ வீட்டில் சோறில்லை என்று ஊர் பேசுமாம்.

"நீ வேணா தூக்கிட்டுப் போ" என்றாள்.

சுகாதார நிலையத்தில் வியாழக்கிழமைதான் மெலிந்த பிள்ளைகளுக்கான நாள். பெண்கள் எப்படியும் சந்தைக்கு வருவார்கள் என்று கணக்குப் பண்ணி வைத்த நாள், நல்ல ஏற்பாடு. கடையைத் தோடோவின் பொறுப்பில் விட்டுவிட்டுப் பையனைத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே மேஜர் இல்லியாசு இருக்கிறார். பட்டாளத்து மேஜர் இல்லை, எங்கள் பக்கம் தலைமை நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் காட்சினாக்காரர், நான் கோபிர்க்காரி. இந்த இரண்டு கூட்டமும் பார்த்த இடத்தில் விளையாட்டாக ஏசிக்கொள்ளாவிட்டால்தான் குற்றம்.

"வாம்மா கோபிர் ராணி! பிள்ளை பிடிக்க ஆரம்பிச்சுட்டியா?"

"காட்சினாக்காரன் ஊரில இருந்தா பிள்ளைங்க மெலியத்தான் செய்யும். சோத்தையெல்லாம் நீங்க தின்னுடுறீங்களே."

எடை ஐந்து கிலோ நூறு கிராம். கடலைப் பசைப் பொட்டலம் ஒன்றைக் கிழித்து விரலில் தொட்டு வைத்தார். பையன் விரலோடு சேர்த்துத் தின்றான். தின்கிற பிள்ளையென்றால் வீட்டிலேயே தேற்றிவிடலாம், தின்னாததை மராடி ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். அவன் பேரில் ஒரு சீட்டு, மருந்து ஒன்று, பொட்டலம் பதினெட்டு. காலி உறைகளை அடுத்த வாரம் திருப்பித் தரவேண்டும். காசு கிடையாது.

அந்தப் பசையை நானும் நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறேன். கடலை, பால்பொடி, சர்க்கரை, எண்ணெய், இன்னும் ஏதோ மருந்துத்தூள். கடலையைத் தீயாமல் வறுத்திருக்கிறார்கள். நான் குறை சொல்லாத கடலைச் சரக்கு உலகத்தில் இரண்டுதான். இன்னொன்று என்னுடையது.

அடுத்த வியாழக்கிழமை கை நூற்றேழு. எடையில் நூறு கிராம் குறைவு. காலி உறை பதினெட்டும் திரும்பி வந்திருந்தன, நக்கி நக்கிக் கண்ணாடியாக.

"யார் தின்னது?" என்றார் மேஜர். ஏசவில்லை. அவர் என்னை ஏசாவிட்டால் விஷயம் பெரிது.

யார் தின்றது என்று எனக்குத் தெரியும். எட்டுப் பிள்ளைகளும் தின்றன. எங்கள் ஊரில் ஒரு பிள்ளை தனியாக உட்கார்ந்து தின்றால் வளர்ப்பு சரியில்லை என்பார்கள். காம்போ நன்றாக வளர்ப்பவள். பொட்டலத்தைப் பிரித்தாள், எட்டு வாயிலும் ஆளுக்கொரு விரல் வைத்தாள்.

"டேலு, இன்னும் ரெண்டு வாரம் இப்படிப் போச்சுன்னா இந்தச் சீட்டை நான் மூட வேண்டியதில்ல, தானா மூடிக்கும்" என்றார் மேஜர். "ராத்திரியும் பகலும் பக்கத்துல இருந்து இவனுக்கு மட்டும் ஊட்ட ஒருத்தி வேணும். பெத்தவ எங்க?"

அவள் கிணற்றடியில் இருந்தாள். மறுநாள் காலையில் போய்ப் பிடித்தேன்.

"ஹின்டே, அடுத்த வாரம் நீ தூக்கிட்டு வா."

"நானா? பெரியம்மா, அத்தை முகத்துல எப்படி முழிப்பேன்? ஊரே சிரிக்குமே, வெட்கங்கெட்டவள்னு."

"சிரிக்கட்டும். சிரிச்சா பல்லு வெளுக்கும்."

அவள் கயிற்றை இழுத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்: "அந்தக் கை... இப்ப எவ்வளவு?"

"நூத்தேழு."

கயிறு கையைவிட்டு வழுக்கிக்கொண்டு ஓடியது. வாளி கீழே தண்ணீரில் அறைந்த சத்தம் கேட்டது. அவள் அதை மறுபடி இழுக்கவில்லை.

"வேற யாரு பிள்ளையா இருந்தாலும் இந்நேரம் தூக்கிட்டு ஓடியே இருப்பேன் பெரியம்மா" என்றாள். "இவனைத்தான் என்னால தூக்க முடியல."

நான் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். பாதி வழியில் நின்றுவிட்டேன். வேறு யார் பிள்ளையாவது என்றால் தூக்குவாளாம். சரி, வேறு யார் பிள்ளையாகவாவது ஆக்கிவிட்டால் போகிறது.

அதற்கும் எங்களிடம் வழக்கம் உண்டு. வரிசையாகப் பிள்ளைகளைப் பறிகொடுத்தவள், அடுத்தது பிறந்ததும் அதைக் குப்பைமேட்டில் வைத்துவிடுவாள். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி எடுத்து, சில்லறைக் காசுக்கு வாங்கியதாகப் பேர் பண்ணுவாள். குப்பையில் கிடந்ததை, ஊரான் வாங்கியதை, சாவு சீந்தாது என்று நம்பிக்கை. குப்பைமேடு என்று அர்த்தம் வருகிற மாதிரி அஜூஜி என்று பெயர் வைப்பார்கள். காம்போவின் தம்பியே ஒரு அஜூஜி, ஆறடி உயரம். ஆனால் தலைப்பிள்ளையை யாரும் அப்படி வாங்கியதில்லை. நடக்கிற வயதில் வாங்கியதில்லை. சந்தையில் வைத்து வாங்கியதே இல்லை. வாங்கக்கூடாது என்றும் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மூன்றாவது வியாழக்கிழமை. காம்போ வழக்கம்போல வேப்பமரத்தடியில் கம்பு உருண்டைகளைப் பரப்பி உட்கார்ந்திருந்தாள். பையன் அவள் முதுகுக்குப் பின்னால் துணிமேல் கிடந்தான். ஹின்டே பத்தடி தள்ளி மோர்ச்சட்டிக்குக் காவல். நான் போய்க் குந்தினேன்.

"காம்போ அக்கா, இது என்ன விலை?"

"உருண்டை அம்பது. தெரியாத மாதிரி கேக்குற."

"உருண்டை இல்லக்கா. பின்னால கிடக்கே, அது."

அவள் திரும்பிப் பையனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். வீட்டுக்குப் போடி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் காம்போ முப்பது வருடம் சந்தையில் உட்கார்ந்தவள். விலை கேட்டால் சொல்லாமல் இருக்க அவளால் முடியாது.

"அதுவா? ஐயாயிரம்."

"ஐயாயிரமா! ஆடே மலிவா வருதேக்கா."

"ஆட்டை வாங்கிக்கோ. யாரு தடுத்தா?"

தோடோ உப்பு மூட்டையை விட்டு எழுந்து வந்தான். எண்ணெய்க்காரிகள் வந்தார்கள். சந்தையில் நல்ல பேரம் நடந்தால் கூட்டத்துக்கு அழைப்பு அனுப்ப வேண்டியதில்லை. நான் பையனைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பூசணிக்காய் பார்க்கிற மாதிரி.

"முடி செம்பட்டையா இருக்கே."

"அது எங்க வம்ச நிறம்."

"கால் ரெண்டும் குச்சி."

"குச்சியா? இவன் தாத்தா மல்யுத்தத்துல நாப்பது வயசு வரைக்கும் முதுகு மண்ணுல படாம ஜெயிச்சவருடி!"

"இப்ப நீங்க தாத்தாவை விக்கிறீங்களா, இவனை விக்கிறீங்களாக்கா?"

கூட்டம் சிரித்தது. காம்போவும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். நான் பையிலிருந்து பட்டையை எடுத்தேன். சிரிப்பு நின்றது. அந்தப் பட்டையை எல்லாருக்கும் தெரியும். கையில் சுற்றி, கூட்டத்துக்குக் கேட்கிற மாதிரி படித்தேன்.

"நூத்தாறு. சிவப்பு."

காம்போவின் வீட்டு முற்றத்தில் அதைச் சொல்லியிருந்தால் அவமானம். வாங்க வந்தவள் சொன்னால் அது சரக்கின் குறை, அவ்வளவுதான். காம்போ குனிந்து உருண்டைகளை அடுக்கினாள். ஏற்கெனவே அடுக்கியிருந்தவற்றைத்தான் மறுபடியும் அடுக்கினாள்.

"ரெண்டாயிரம்" என்றாள்.

"நூறு."

"ஆயிரம். தாயாப் பிள்ளையாப் பழகிட்டோமேன்னு சொல்றேன்."

எழுந்து நடந்தேன். குதிகாலை எப்படி வைக்க வேண்டுமோ அப்படி வைத்தேன்.

"ஐநூறு!" என்றாள் முதுகுக்குப் பின்னால்.

திரும்பி வந்தேன். "முந்நூறு. அதுக்கு மேல இல்ல. செத்துப்போனா நஷ்டம் எனக்குத்தானேக்கா?"

அந்த வார்த்தையை நான் வேண்டுமென்றேதான் போட்டேன். அதுவரை அந்த வீட்டில் யாரும் அதைச் சொல்லவில்லை. மோர்ச்சட்டிக்குப் பக்கத்தில் ஹின்டேயின் கை மண்ணைப் பற்றியிருந்தது. காம்போ நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது.

"எடுத்துக்கோடி" என்றாள். மடியை விரித்துப் பிடித்தாள்.

காசை எண்ணி அவள் மடியில் வைத்தேன். அப்போது பார்த்து மசூதியிலிருந்து வந்துகொண்டிருந்த மாலம், எங்கள் ஊர் ஓதுவிக்கிறவர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"டேலு! சுதந்திரமாப் பிறந்தவனை விக்கிறதும் பாவம், வாங்குறதும் பாவம். இது செல்லாது."

"செல்லாதுன்னு எனக்கும் தெரியும் மாலம். இவன் கை பச்சைக்கு வரட்டும். அன்னிக்கு நீங்களே வந்து, செல்லாதுன்னு சந்தை நடுவுல சத்தமாச் சொல்லுங்க. நான் உங்களுக்கு ஒரு புட்டி எண்ணெய் தர்றேன்."

மாலம் பையனைப் பார்த்தார், பட்டையைப் பார்த்தார். தாடியைத் தடவிக்கொண்டு, "பெரிய புட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

"இப்ப எனக்குத் தூக்கறதுக்கு ஆள் வேணும்" என்றேன் கூட்டத்தைப் பார்த்து. "கடையை விட்டுட்டு நான் அலைய முடியாது. ஊட்டணும், வாராவாரம் மேஜர்கிட்ட காட்டணும். கூலி வாரத்துக்கு நாலு குலிகுலி. ஹின்டே, நீ வர்றியா?"

ஹின்டே எழுந்தாள். மாமியாரைப் பார்த்தாள். எல்லாரும் மாமியாரைப் பார்த்தார்கள்.

"என்னடி மரம் மாதிரி நிக்கிற?" என்று கத்தினாள் காம்போ. "அடுத்தவ சரக்கு வெயில்ல கிடக்குது. தூக்கு!"

பதிமூன்று மாதத்தில் முதல் தடவையாக, நாற்பது கண்களுக்கு முன்னால், ஹின்டே அவனைத் தூக்கி முதுகில் போட்டுத் துணியை இறுக்கிக் கட்டினாள். முடிச்சை இரண்டு தடவை போட்டாள். பிறகு நடந்தாள். நடந்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது.

சுகாதார நிலையத்தில் மேஜர் புதுச் சீட்டு ஒன்றை எடுத்தார். நான் முன்னாலேயே அவர் காதில் எல்லாவற்றையும் போட்டிருந்தேன்.

"பிள்ளை பேரு? தூக்கிட்டு வந்தவங்கதான் சொல்லணும்."

ஹின்டே வாயைத் திறந்து மூடினாள். மேஜர் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். எங்களுக்குப் பின்னால் வரிசை நீளமாக இருந்தது, ஆனாலும் காத்திருந்தார்.

"அஜூஜி" என்றாள்.

"காதுல விழல."

"அஜூஜி!" என்றாள் சத்தமாக. முதுகில் இருந்தவன் அந்தக் குரலைக் கேட்டுத் தலையைத் தூக்கினான். அந்தக் குரலில் ஒரு பெயர் சொல்லி யாரும் அவனை அதுவரை கூப்பிட்டதில்லை. அவள் மறுபடி, யாரும் கேட்காமலே, மெதுவாகச் சொன்னாள்: "அஜூஜி."

"உரிமையாளர்?"

"டேலு."

"நீ?"

"கூலி."

"கோபிர்க்காரிகிட்ட கூலிக்குப் போனா எலும்புதான் மிஞ்சும், ஜாக்கிரதை" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். மூக்கை ஏன் அத்தனை நேரம் சிந்தினார் என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. காம்போ பொட்டலங்களைத் தன் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள். மற்ற ஏழு பிள்ளைகளும் வாயைத் திறந்துகொண்டு வந்தால், "அது டேலுவோட சரக்கு. ஊரார் பொருளைத் தொட்டா திருட்டு!" என்று விரட்டினாள். சொந்தப் பேரனுக்கு மட்டும் ஊட்டியிருந்தால் அது பாரபட்சம். ஊரார் சரக்கைப் பத்திரமாக வைத்திருந்தால் அது நாணயம். அவளுக்கு நாணயம் முக்கியம். ஏழு பேருக்கும் நான் உடைந்த குலிகுலி கொடுத்தனுப்பினேன், அது தனி நஷ்டம்.

கை நூற்றொன்பது ஆனது. பிறகு நூற்றுப் பன்னிரண்டு. நாலாவது வாரம் மலேரியா வந்து அளவு ஒன்று இறங்கியது. ஹின்டே என் கடைக்கு ஓடி வந்து, "பெரியம்மா, உங்க சரக்கு நெருப்பா சுடுது" என்றாள். சந்தை நாள்கூட இல்லை. நான் செருப்பைத் தேடுவதற்குள் அவளே தூக்கிக்கொண்டு தெருமுனையைத் தாண்டிவிட்டாள். மேஜர் விரலில் குத்திப் பார்த்து மருந்து கொடுத்தார். அதற்கும் காசு வாங்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து கை ஏற ஆரம்பித்தது, நிற்கவில்லை. அவன் எழுந்து நின்றான், என் எண்ணெய்ப் புட்டியைத் தள்ளிவிட்டான், சிரித்தான். என் சரக்குகளிலேயே என்னை நஷ்டப்படுத்திய முதல் சரக்கு அவன்தான்.

ஒன்பதாவது வாரம், தொடர்ந்து இரண்டாவது தடவையாகப் பச்சை, அதுதான் விதி. மேஜர் கையெழுத்துப் போட்டுச் சீட்டை மூடினார். மாலம் சொன்னபடி வந்து சந்தை நடுவில் "செல்லாது" என்று முழங்கிவிட்டுப் பெரிய புட்டியோடு போனார். அவர் போனதும் காம்போ என் கடைக்கு வந்தாள், முழங்காலைப் பிடித்துக்கொண்டு.

"டேலு, அவனைத் திருப்பிக் கொடு. முந்நூறு."

"இப்ப விலை ஏறிப்போச்சுக்கா."

"ஆயிரம்."

"கால் பாத்தீங்களா? மல்யுத்தக்காரன் கால்."

"அடிப்பாவி, நான் சொன்னதை எனக்கே விக்கிறியா! மூவாயிரம்."

நிஜமாகவே மூவாயிரம் மடியில் வைத்திருந்தாள். நான் பார்த்தேன். அவன் காம்போ வீட்டுக்குத் தலைப்பிள்ளையாகத் திரும்பிப் போனால் சட்டப்படி எல்லாம் சரி. வழக்கப்படி, ஹின்டே அன்று மாலையே அவனை இறக்கி வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அவன் அவள் முதுகில்தான் இருந்தான், அவள் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு.

நான் பதில் சொல்வதற்குள் ஹின்டே பேசினாள். மாமியார் முன்னால், சந்தையில், யாரும் கேட்காமல்.

"பெரியம்மா, விக்காதீங்க."

எண்ணெய்க்காரிகள் அத்தனை பேரும் புனலைப் பிடித்தபடி நின்றுவிட்டார்கள். காம்போ மருமகளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தன் காதைத் தட்டிக்கொண்டாள்.

"இந்தக் காது ஒரு வாரமா சரியாக் கேக்கறதில்ல" என்றாள் பொதுவாக. மூவாயிரத்தையும் மடியில் முடிந்துகொண்டாள். "டேலு, விக்கலைன்னா போ. ஆனா கூலி பத்தாதுடி. நாலு குலிகுலிக்கு என் மருமக எவ்வளவு காலம் தூக்குவா? ஆறாக்கு."

"அஞ்சு."

"அஞ்சும் ஒரு கரண்டி எண்ணெயும்."

படிந்தது.

அஜூஜியின் சீட்டு என்னிடம்தான் இருக்கிறது. வாங்கிய வியாழக்கிழமையிலிருந்து கணக்கு இப்படி. கை: நூற்றாறில் வந்தது, நூற்றிருபத்தாறில் நிற்கிறது. எடை: வந்தது ஐந்து கிலோ, இப்போது ஏழு கிலோ நூறு. பொட்டலம்: வாங்கியது நூற்று அறுபத்தைந்து, காலி உறை திருப்பியது நூற்று அறுபத்திரண்டு. குறைகிற மூன்றில் ஒன்றை நான் தின்றேன், ஒப்புக்கொள்கிறேன். இரண்டுக்குக் கணக்கு தெரியவில்லை, காம்போவின் பெட்டிச் சாவியிடம் கேட்க வேண்டும். தட்டம்மை ஊசி: போட்டது ஒன்று. இரண்டாவது, பதினாறாம் மாதம், வரும் சந்தை கழித்து அடுத்த வியாழக்கிழமை, பாக்கி.